ஊசி கத்தாத கல்

அடகுக்கடைக்காரர் பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்து அதன் முனையைத் தோட்டின் நடுக்கல்லில் வைத்தார். சத்தம் இல்லை. சுற்றியிருந்த ஆறு கல்லையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அப்போதும் இல்லை. "ஏ.டி. கல்லு தம்பி. கல்லு எடையைக் கழிச்சிட்டு தங்கத்துக்கு மட்டும் போட்டுத் தரட்டுமா?" என்றார். வேண்டாம் என்று வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெப்பக்குளம் வழியாக வீட்டுக்கு நடந்தேன். அப்பாயி சாகும்வரை வைரத்தோடு என்று சொல்லிப் போட்டிருந்த தோடு அது.

அம்மாவுக்கு அதிர்ச்சி எதுவும் இல்லை. "அது திருச்சிக் கல்லுன்னு உங்க அப்பாயிக்கு நல்லாவே தெரியும். தாத்தாதான் ப்ளூ ஜாகர்னு சொல்லி வாங்கிட்டு வந்தாரு. கண்டுக்காத மாதிரி இருந்துட்டாங்க."

ப்ளூ ஜாகர் என்பது தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளில் மந்திரம் மாதிரிப் புழங்கும் பெயர். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்திலிருந்து வந்த, லேசாக நீலம் ஓடும் வெள்ளை வைரம். தாத்தாவின் சம்பளத்துக்கு அதில் ஒரு கல் வாங்கியிருந்தாலே பெரிய காரியம். ஏழு கல்லுக்கு அவர் போனது வேறு கடையாகத்தான் இருந்திருக்கும்.

அந்தக் கருவி பளபளப்பைச் சோதிப்பதில்லை, சூட்டைச் சோதிக்கிறது. ஊசி முனையைக் கொஞ்சம் சூடாக்கி வைத்திருப்பார்கள். வெப்பத்தைக் கடத்துவதில் வைரம் செம்பைவிட ஐந்து மடங்கு கெட்டி. முனையின் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிவிடும், கருவி 'பீப்' என்று கத்தும். தோட்டில் இருப்பது சிர்கோனியம் ஆக்சைடு. சூட்டை அது லேசில் உள்ளே விடாது. பழைய ஆசாரிகளுக்குக் கருவியெல்லாம் வேண்டாம், கல்லின் மேல் ஊதிப் பார்ப்பார்கள். வைரத்தில் படிந்த மூச்சு உடனே மறையும். இதில் கொஞ்ச நேரம் பனி மாதிரி நிற்கும். அன்று ராத்திரி நானும் ஊதிப் பார்த்தேன். நின்றது.

இந்தக் கல்லின் வம்சாவளியைத் தேடினால் முதலில் வருவது வைரம் இல்லை, கெம்பு. ஓகுஸ்த் வெர்னேய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் கலந்து எரியும் சுடரின் ஊடே அலுமினியம் ஆக்சைடு பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினார். கூடவே சிட்டிகை குரோமியம். இரண்டாயிரம் டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் பொடி உருகித் துளித்துளியாகக் கீழே இறங்கி, ஒன்றன்மேல் ஒன்று உறைந்து, சில மணி நேரத்தில் தலைகீழான பேரிக்காய் மாதிரி ஒரு சிவப்புக் கட்டி நின்றது. 1902இல் இதை அவர் வெளியே சொன்னார். மண்ணுக்கடியில் கிடைக்கும் மாணிக்கத்துக்கும் இதற்கும் வேதியியலில் வித்தியாசமே கிடையாது. இரண்டும் குருந்தம். ஆங்கிலக்காரர்கள் 'கொரண்டம்' என்று எழுதுவது நம் குருந்தத்தைத்தான். நம்மூர்க் கல்லின் பெயர் அவர்கள் புத்தகத்துக்குப் போனது. அவர்கள் செய்த கல் நம்மூருக்கு வந்தது.

சுவிட்சர்லாந்திலும் பிரான்ஸிலும் இப்படி வளர்த்த கட்டிகளுக்குக் கைக்கடிகாரத் தொழில்தான் பெரிய வாடிக்கை. கடிகாரச் சக்கரங்களின் அச்சு தேயாமல் சுற்றுவதற்குச் சின்னச் சின்னக் கெம்பு வேண்டும். அந்தக் கட்டிகளில் ஒரு பங்கு கப்பலேறித் திருச்சிக்கு வந்தது. பர்மாவின் கல் வியாபாரத்தோடு தொடர்புள்ள குடும்பங்கள்தான் இந்த வித்தையை இங்கே ஊன்றின என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். பின்னாளில் மேட்டுப்பாளையத்திலேயே சுவிஸ் கூட்டில் ஒரு கல் தொழிற்சாலை வந்தது. பரதநாட்டியக்காரிகளின் நெற்றிச்சுட்டியிலும் கோயில் நகைகளிலும் சிவப்பாக மின்னிய கற்களில் எத்தனையோ, நெருப்பில் பிறந்து திருச்சிச் சுற்றுவட்டாரத்துப் பட்டறைகளில் பட்டை தீட்டப்பட்டவை.

வெள்ளைக்கல் வந்த கதைக்கு ஸ்ரீரங்கம் வழியாகப் போக வேண்டும்.

ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினின் செங்கோல் உச்சியில் ஆர்லோவ் என்ற வைரம் இருக்கிறது. ஏறக்குறைய 190 காரட், பாதி முட்டை வடிவம், இன்றும் மாஸ்கோ கிரெம்ளினில் காட்சிக்கு உண்டு. அது ஸ்ரீரங்கம் பெருமாளின் கண்ணாக இருந்தது, பதினெட்டாம் நூற்றாண்டில் பட்டாளத்தை விட்டு ஓடிவந்த ஒரு பிரெஞ்சுக்காரன் பக்தன் வேஷம் போட்டுக் கோயிலுக்குள் புகுந்து பெயர்த்துக்கொண்டு போனான் என்பது கதை. கதை என்றுதான் சொல்லவேண்டும், ஆதாரம் பலவீனம். ஆனாலும் வைகுண்ட ஏகாதசியன்று நம்பெருமாள் ரத்தின அங்கியில் பரமபத வாசல் தாண்டும்போது கூட்டத்தில் யாராவது ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார்.

அந்தக் கடனை மாஸ்கோ ஒரு மாதிரியாகத் திருப்பிக் கொடுத்தது என்று எனக்கு வேடிக்கையாகத் தோன்றும். 1970களின் தொடக்கத்தில் அங்குள்ள லெபெதெவ் இயற்பியல் நிறுவனத்தில், லேசர் வேலைக்கான படிகங்களைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் சிர்கோனியம் ஆக்சைடைப் பெரிய படிகமாக வளர்க்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். சிக்கல் என்னவென்றால் அது உருக 2,700 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்கும் பாத்திரத்துக்கு எங்கே போவது? அவர்கள் செய்தது அழகான தந்திரம். தண்ணீர் ஓடும் செப்புக் குழாய்களைக் கிண்ணம் மாதிரி வட்டமாக நிறுத்தி, நடுவில் பொடியைக் கொட்டி, ரேடியோ அலையால் சூடேற்றினார்கள். உள்ளே இருப்பது உருகும். குழாயை ஒட்டிய ஓரம் மட்டும் குளிர்ந்து ஓடாக உறைந்துகொள்ளும். பொடி உருகுவதற்குப் பொடியே பாத்திரம். மண்டையோட்டு உலை என்று அதற்குப் பெயர். கொஞ்சம் இட்ரியம் சேர்த்தால் ஆறிய பிறகும் கனசதுர அமைப்பு கலையாமல் நிற்கும். அந்த நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கத்தை வைத்து ரஷ்யர்கள் இதற்கு 'ஃபியனிட்' என்று பெயரிட்டார்கள். 1976 வாக்கில் உலகச் சந்தைக்கு வந்தது. நாம் அமெரிக்கன் டைமண்ட், சுருக்கமாக ஏ.டி., என்கிறோம். அதில் அமெரிக்காவும் இல்லை, டைமண்டும் இல்லை.

மூலப்பொருளுக்கு ரஷ்யா போகவேண்டியதில்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் சிர்கான் இருக்கிறது, ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் பிரித்தெடுக்கிறது. அதிலுள்ள சிர்கோனியத்தின் உலோக வடிவம் அணு உலைகளில் யுரேனியத்துக்கு உறையாகிறது. தூத்துக்குடி பக்கம் பழையகாயலில் அதற்கென்றே ஓர் ஆலை உண்டு. ஒன்று அணு உலைக்குள் போகிறது, அதன் பங்காளி அப்பாயியின் காதில் தொங்கியது. ஆனால் திருச்சிக்குத் தேவையான கச்சாக் கல்லை இந்த மணலிலிருந்து இங்கேயே பெரிய அளவில் வார்த்துக் கொடுக்க யாரும் முன்வரவில்லை. அது கடல் தாண்டித்தான் வந்துகொண்டிருந்தது.

தோட்டை எடுத்துக்கொண்டு உறையூர்ப் பக்கம் ஒரு சந்துக்குள் போனேன். ஒரு காலத்தில் அந்தச் சந்து முழுக்கப் பட்டறைச் சத்தம் கேட்கும். இப்போது ஒரே ஒரு வீட்டுத் திண்ணையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் மணையில் உட்கார்ந்திருந்தார். எதிரே படுக்கைவாட்டில் சுற்றும் செப்புத் தட்டு. அதன் பக்கத்தில் நிறையத் துளை போட்ட பலகை ஒன்று நிமிர்ந்து நின்றது. குச்சியின் நுனியில் அரக்கை உருக்கி, மிளகளவு கல்லை அதில் ஒட்டி, குச்சியின் வாலைப் பலகைத் துளை ஒன்றில் செருகினார். எந்தத் துளையோ அந்தச் சாய்வில் பட்டை விழும். தட்டில் கல் பட்டது. 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம், இரண்டு மூச்சு நேரம். எடுத்து, கட்டைவிரலால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, குச்சியை எட்டில் ஒரு பங்கு திருப்பி மறுபடி வைத்தார். அளவுகோல் எதுவும் இல்லை. விரலுக்குத் தெரிந்த அளவு.

"மேல்பக்கம் முடிஞ்சதும் அரக்கைச் சுட்டுக் கல்லைக் கழட்டி, திருப்பி ஒட்டணும். அங்கதான் கல்லு கோணும். கோணிச்சுன்னா அப்புறம் வெளிச்சம் கீழ வழிஞ்சிரும் தம்பி, மேல வராது."

இதைவிடச் சுருக்கமாக எந்த இயற்பியல் புத்தகமும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கல்லுக்குள் நுழைந்த ஒளி அடிப்பட்டைகளில் முட்டி, முழுதாகத் திரும்பி, முகத்து வழியே வெளியேறினால்தான் மின்னல். சாய்வு தப்பினால் ஒளி அடியில் கசிந்துவிடும், கல் கண்ணாடித்துண்டு மாதிரிச் செத்துக்கிடக்கும். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42, சிர்கோனியாவுக்கு 2.15க்குச் சற்று மேல். அதனால் சாய்வும் கொஞ்சம் மாறவேண்டும். இது அவர் விரலில் இருந்தது. இன்னொன்றும் உண்டு: வெள்ளை ஒளியை வானவில்லாகப் பிரிப்பதில் சிர்கோனியா வைரத்தையே மிஞ்சும். விவரம் தெரிந்தவர்கள் அதை வைத்தே கண்டுபிடிப்பார்கள். அளவுக்கு மீறி ஜொலித்தால் அசல் இல்லை.

மெருகேற்றும் தட்டுக்கு ஒரு சின்னக் கிண்ணத்திலிருந்து எண்ணெயில் குழைத்த சாம்பல் நிறப் பசையை விரலால் தொட்டுத் தடவினார். என்னவென்று கேட்டேன். "வைரப்பொடி" என்றார். வைரம்போல் நடிக்கும் கல்லுக்கு மெருகு போடுவது நிஜ வைரம்! ஆனால் அந்தப் பொடியும் சுரங்கத்தில் வெட்டியதாக இருக்க வாய்ப்புக் குறைவு. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேசி ஹால் பிரம்மாண்டமான அழுத்தத்தில் கரியை வைரமாக்கிய நாளிலிருந்து, அறுக்கவும் தேய்க்கவும் உலகம் பயன்படுத்துவது பெரும்பாலும் ஆலையில் செய்த வைரத்தைத்தான். நகைக்கடைக்கு ஆய்வக வைரம் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே திருச்சித் திண்ணைக்கு அது வந்துவிட்டது, பொடியாக.

தோட்டைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கிட்டத்தில் பார்த்தார். "நம்மூரு வேலைதான். கையால போட்டது. பாருங்க, இந்த ஒரு பட்டை லேசா அகலம். மிஷின் இப்படிப் போடாது."

கூலி எண்ணிக்கைக்குத்தான். கல்லின் விலை ஏறினாலும் இறங்கினாலும் கூலியில் பெரிய மாற்றம் இருந்ததில்லை என்றார். குழந்தைகளும் இதில் உட்கார்ந்து உழைத்த காலம் ஒன்று இருந்தது. அதை மறைத்து இந்தத் தொழிலுக்கு ஒப்பாரி வைப்பது சரியில்லை. கல் வெட்டி மெருகிடுவதைக் குழந்தைகளுக்குத் தடைசெய்த வேலைகளின் பட்டியலில் சட்டம் சேர்த்தது நியாயம். ஆனால் தொழிலைச் சாய்த்தது சட்டம் இல்லை. சீனத்தின் குவாங்சி பகுதியில் வூசோ என்ற நகரம் செயற்கைக் கற்களின் தலைநகர் என்று பெயரெடுத்தது. அங்கே இயந்திரம் வெட்டிய கல் இங்கே கச்சாக் கல்லுக்குக் கொடுக்கும் விலையோடு போட்டிபோட்டது. சந்துகள் ஒவ்வொன்றாக அடங்கின. பிள்ளைகள் துவாக்குடிப் பக்கம் வெல்டிங்குக்கும் திருப்பூருக்கும் போனார்கள்.

உறையூரிலிருந்து காவிரிப் பாலம் தாண்டிக் கிழக்கே போனால் திருவானைக்காவல். 1888 நவம்பர் 7இல் சி.வி. ராமன் பிறந்த ஊர். அவருடைய பெயரால் அமைந்த விளைவை 1928இல் கொல்கத்தாவில் கண்டுபிடித்தார், 1930இல் நோபல் வாங்கினார் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். பாடத்தில் வராதது அவருக்கு வைரத்தின்மேல் இருந்த பித்து. பெங்களூரில் இருந்த காலத்தில் வைரங்களைத் தேடித்தேடிச் சேர்த்தார், மாணவர்களை அதில் இறக்கினார். 1944இல் இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் வைரத்தைப் பற்றியே ஒரு தொகுதிக் கட்டுரைகள் வந்தன. படிகத்தில் அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்பதில் மாக்ஸ் போர்னோடு பெரும் சண்டை பிடித்தார். வைரத்துக்குக் குறிப்பிட்ட சில அதிர்வுகள் மட்டுமே உண்டு என்பது ராமன் கட்சி, தொடர்ச்சியான வரிசை உண்டு என்பது போர்ன் கட்சி. ராமனின் மாணவர் ஆர்.எஸ். கிருஷ்ணன் பெங்களூரில் எடுத்த அருமையான நிறமாலைகளே இரு தரப்புக்கும் ஆயுதமாயின. கடைசியில் போர்ன் சொன்னதுதான் நின்றது. ராமன் ஒப்புக்கொண்டாரா என்றால், அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

இன்று ரத்தினப் பரிசோதனைக் கூடங்களில் கல்லின்மேல் லேசரைப் பாய்ச்சிப் பார்க்கும் ராமன் கருவி இருக்கிறது. வைரம் என்றால் 1332 என்ற எண்ணில் ஒற்றைக் கோடு ஊசி மாதிரி எழும். சிர்கோனியாவுக்கு அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வேறோர் இடத்தில் அகலமான மேடுதான் தெரியும். திருச்சி மண்ணில் பட்டைபோட்ட கல்லைத் திருச்சி மண்ணில் பிறந்தவர் காட்டிக்கொடுக்கிறார்.

ஆனால் ராமனின் கோட்டுக்கும் ஓர் எல்லை உண்டு, இன்றைய தகராறு அங்கேதான் தொடங்குகிறது. மீத்தேனையும் ஹைட்ரஜனையும் நுண்ணலையால் கொதிக்கவிட்டு, விதைத்தகட்டின் மேல் கரியணுக்களை அடுக்கடுக்காகப் படியவைத்து வாரக்கணக்கில் வளர்க்கும் ஆய்வக வைரமும் அதே 1332இல் அதே கோட்டைத்தான் காட்டும். அடகுக்கடை ஊசியும் அதற்குக் கத்தும். ஏனென்றால் அது வைரமேதான். எங்கே பிறந்தது என்று அறிய அதன் குறைகளைத் தேடவேண்டும்: பூமிக்கடியில் கிடந்த வைரங்களில் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் அணுக்கள் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்திருக்கும், உலையில் வளர்ந்ததில் சில சமயம் சிலிக்கான் எச்சம் ஒட்டியிருக்கும்.

2018இல் அமெரிக்க வணிக ஆணையம் வைரத்துக்கான தன் வரையறையிலிருந்து 'இயற்கையான' என்ற சொல்லை எடுத்துவிட்டது. அதே ஆண்டு சுரங்க ஜாம்பவான் டி பியர்ஸ் தானே ஆய்வக வைர நகை விற்க இறங்கி, காரட் 800 டாலர் என்று விலை வைத்தது. 2025இல் கடையை மூடுவதாக அறிவித்தது. மொத்த விலை ஏறக்குறைய 90 சதவீதம் சரிந்துவிட்டது என்று அதுவே சொன்னது. பசுமை வைரம் என்ற விளம்பரத்தையும் முழுதாக நம்ப முடியாது. உலை நிற்காமல் ஓட மின்சாரம் வேண்டும், நம் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரி. சுரங்கம் தோண்டவில்லை என்பது உண்மை, வைரத்துக்காகத் தோண்டவில்லை என்பதுவரைதான் உண்மை.

2023 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் ஆய்வக வைரத்துக்கு நிர்மலா சீதாராமன் தனி இடம் கொடுத்தார். விதைத்தகடுக்கான இறக்குமதி வரி நீங்கியது. சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்தாண்டுக்குச் சுமார் 243 கோடி ரூபாய் ஒதுக்கி ஓர் ஆய்வு மையம் வந்தது. அந்த ஜூனில் பிரதமர் அமெரிக்க அதிபரின் மனைவிக்கு ஏழரை காரட் ஆய்வக வைரம் ஒன்றைப் பரிசளித்தார். நிதியமைச்சர் பட்டம் படித்தது திருச்சி சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரியில். அவர் படித்த காலத்தில் ஊரைச் சுற்றிக் கல் பட்டறைகள் ஓடிக்கொண்டிருந்தன.

நான் குறை சொல்வது அந்த ஆய்வை இல்லை. வைரம் இனி நகை மட்டும் இல்லை. மின்னணுச் சில்லுகளின் சூட்டை இறக்கவும் காந்தப்புலத்தை நுட்பமாக அளக்கவும் அது வேண்டும். உலையை நாமே செய்யக் கற்பது அவசியம். என் ஆதங்கம் வேறு. கல்லை உண்டாக்கத் திட்டம் இருக்கிறது, கல்லை வெட்டும் கைக்கு இல்லை. கல்லின் விலை விழ விழ மிஞ்சுவது வெட்டின் மதிப்புதான். அந்த வெட்டைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களை 'டூப்ளிகேட் கல்காரர்கள்' என்று நாம் தள்ளிவைத்துவிட்டோம். வைரத்தை வெட்டுவது வேறு வித்தை என்பதும் தெரியும். இழை பார்க்க வேண்டும், தவறான திசையில் வைத்தால் எவ்வளவு நேரம் தேய்த்தாலும் இறங்காது. வைரம் வெட்டும் சூரத்துக்காரர்களும் அதைப் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வரவில்லை.

தோடு இப்போது அம்மா காதில் இருக்கிறது. அகலமான அந்தப் பட்டை எந்தக் கல்லில் என்று அவருக்கும் காட்டிவிட்டேன்.

சென்னை மையத்தாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் உலையில் வளர்ந்த கற்களில் நாலைந்தைப் பொட்டலத்தில் மடித்து, கற்றுக்கொடுக்க ஒருவரையும் கூட்டிக்கொண்டு, உறையூருக்கு ஒருமுறை வாருங்கள். அந்த அம்மாவின் கண்ணுக்கு இன்னும் சில வருஷம்தான் பார்வை இருக்கும். எழும்பூரில் இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது திருச்சி.